எல்லாக் காலமும் செல்லத்தக்கது

“எழுதிக் குடுங்க சார்” என்றேன்.

செருப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தவளைப் பார்ப்பதுபோல அறையில் இருந்த ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கண்காணிப்பாளர் தனபால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். “இங்க நீ லீவு கேக்கலாம். ஃபேன் கேக்கலாம். டைரக்டர் உக்கார்ற சீட்டையே கேட்டாலும் சிரிச்சுட்டு உட்ருவாங்க. எதையும் எழுதிக் குடுங்கன்னு மட்டும் கேட்றாத அம்மிணி. அப்படிக் கேட்ட ஒருத்தரும் இந்த ஆபீசுல ரெண்டாவது பொங்கலப் பாத்ததில்ல.”

நான் ஒரு பொங்கல் பார்த்திருந்தேன்.

எங்கள் அலுவலகத்தின் பெயர் சேலம் நாமக்கல் மண்டலத் திறந்தநிலை வரைபடத் தரப்படுத்தல் மையம். சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகிற வழியில், கீழே டயர் கடை, மேலே நாங்கள். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். அதனால் ‘தல் மையம்’ என்ற பகுதி பக்கத்து மாவு மில்லின் சுவரில் இருக்கும்.

இணையத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. அது யாருக்கும் சொந்தமில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் தன் ஊர் ரோட்டை வரையலாம், தப்பாக இருந்தால் திருத்தலாம், ஒவ்வொரு ரோட்டுக்கும் குறிச்சொல் ஒட்டலாம்: இது நெடுஞ்சாலை, இது மண்பாதை, இது தார், இது கல். அந்தக் குறிச்சொல் பட்டியலை எழுதியவர்கள் எங்கோ மழையும் பனியும் சொன்ன தேதிக்கு வருகிற நாட்டுக்காரர்கள். அதை நம் பக்கத்து ரோடுகளுக்குப் பொருத்துவதற்காகத்தான் மையத்தை ஆரம்பித்தார்கள். பொருந்தாத இடத்தில் பட்டியலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். பட்டியலில் கை வைக்கக் கூடாது, ரோடுதான் அனுசரித்துப் போக வேண்டும் என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது.

உள்ளே நுழைந்ததும் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும்: ‘உங்கள் ஊர். உங்கள் வரைபடம். நீங்களே திருத்துங்கள்.’ அதற்குக் கீழே, உட்கார்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில்: ‘மையத்தின் ஊழியர்கள் நீங்கலாக.’

என் பதவி மீளமைப்பு உதவியாளர். மையத்தின் ஒப்புதல் இல்லாமல் பொதுமக்கள் யாராவது எங்கள் மண்டலத்து ரோட்டைத் திருத்தினால், அன்று மாலை நாலு மணிக்குள் அதைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும். அந்த வேலைக்கு ஒரே ஆள் நான்தான். மக்கள் திருத்த வேண்டும் என்பது வரைபடத்தின் நோக்கம். மக்கள் திருத்தியதைத் திருப்ப வேண்டும் என்பது என் நியமன ஆணை.

எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அதற்குச் சான்றிதழே உண்டு. முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கிற அந்த ஒரு தாள்தான் என்னைக் கல்லூரிக்குள் விட்டது. அப்பா அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். எழுதிக் கொடுப்பது என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மையத்தின் முதல் பெரிய சாதனை இட்டேரி. இரண்டு தோட்டங்களுக்கு நடுவே, இரு பக்கமும் கிளுவை வேலியோடு ஒடுக்கமாகப் போகிற தடத்தைத்தான் எங்கள் பக்கம் இட்டேரி என்பார்கள். ஆடு போகும், ஆள் போகும், தைரியமிருந்தால் டிவிஎஸ் போகும். பட்டியலில் இதற்கு இணையான சொல் எது என்று நாலு கூட்டம் நடந்தது. நாலாவது கூட்டத்தில் திட்ட இயக்குநர் அருணகிரி முடிவை அறிவித்தார். டீ கேட்டால்கூடச் சுற்றறிக்கை மொழியில்தான் கேட்பார் அவர்.

“இருபுறமும் உயிர்வேலி. குறுகிய அகலம். நான்கு சக்கர வாகனத்துக்கு உகந்ததன்று. பட்டியலில் இந்த மூன்றும் ஒருங்கே அமைந்த இனம் ஒன்றே. குதிரைப்பாதை.”

“சார், அதுல குதிரை போறதில்லைங்களே” என்றேன்.

“நாம் பாதையின் தகுதியைக் குறிக்கிறோம் அம்மா. குதிரையின் விருப்பத்தை அல்ல.”

தகுதிக்கு ஆதாரப் படம் வேண்டும் என்றார் தர ஆலோசகர் குணசீலன். கழுத்தில் எப்போதும் ஒரு அளவு நாடா தொங்கும், தையல்காரர்போல இருப்பார். சேலத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற வெள்ளைக் குதிரை ஒன்றைப் பிடித்தார்கள். குதிரையைக் குட்டியானை வண்டியில் ஏற்றிச் சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு இட்டேரிக்குக் கொண்டுபோனோம். ஜரிகைத் துணியோடு இறங்கிய குதிரை ஓரடிகூட நகரவில்லை.

“பேண்டு அடிச்சாத்தானுங்க நகரும். பழக்கம் அப்படி” என்றார் குதிரைக்காரர்.

குணசீலன் தன் போனில் கல்யாண பேண்டு வாத்தியத்தைத் தேடிப் பிடித்து, போனைத் தலைக்கு மேலே தூக்கியபடி முன்னால் நடந்தார். குதிரை பின்னால் வந்தது. வேலிக்கு மேலே தலைகள் முளைத்தன. ஒரு அம்மா அளவு நாடா போட்ட குணசீலனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது: “மாப்பள இவருங்களா? ஏனுங்க, குருதையில ஏறாம முன்னால நடந்து போறாரு?”

அந்தப் படத்தின் பலத்தில் எங்கள் மண்டலத்தின் இருநூற்றுப் பதினான்கு இட்டேரிகளும் ஒரே நாளில் குதிரைப்பாதை ஆயின.

அடுத்தது கொள்ளு. தை மாதம் எங்கள் பக்கம் அறுத்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுக்கும். சாயங்காலம் கொள்ளு தனியாக, சக்கை தனியாக அள்ளிக்கொண்டு போவார்கள். பட்டியலில் ஒவ்வொரு ரோட்டுக்கும் ‘தளப்பொருள்’ என்று ஒரு கட்டம் உண்டு. குணசீலன் குனிந்து நாடாவால் அளந்தார். “ஒன்பது சென்டிமீட்டர். கொள்ளு.”

“கீழ தாரு இருக்குங்க சார்.”

“தெரியுதா?”

“மூடியிருக்குங்களே.”

“அப்ப அது அனுமானம். சக்கரம் எதத் தொடுதோ அதுதான் தளப்பொருள்.”

கொள்ளுக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் செடியைப் பரப்பிய கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “கொள்ளுன்னு பதிஞ்சுட்டீங்கன்னா, அடுத்த வருசம் நான் இதுல உளுந்து போடலாமுங்களா? இல்ல, உங்ககிட்ட வந்து எழுதி வாங்கோணுமா?”

அவர் கிண்டல் செய்தார். குணசீலன் அதைக் குறித்துக்கொண்டார். ஒரு மாதத்தில் ‘தளப்பொருள் மாற்ற விண்ணப்பம்’ என்று படிவம் வந்தது, மூன்று பிரதிகளில்.

இதையெல்லாம் நான் வீட்டில் நடித்துக் காட்டுவேன். அக்கா தமிழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஐப்பசி இருபதுக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

சிரிப்பு நின்ற இடம் தரைப்பாலம்.

எங்கள் ஊர் ஒட்டங்காட்டுப்புதூர். ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே கொல்லிமலையிலிருந்து இறங்கி வருகிற பள்ளம் ஓடுகிறது. ஓடையைத்தான் நாங்கள் பள்ளம் என்போம். அதன்மேல் படுத்துக் கிடக்கிறது தரைப்பாலம். பத்து மாதம் அதில் கோழி மேயும். ஐப்பசி கார்த்திகையில் மலையில் மழை பிடித்தால், ஊரில் ஒரு சொட்டு விழாமலே, இடுப்பளவு தண்ணீர் வந்துவிடும். அப்போது கிழக்கே பதினெட்டு கிலோமீட்டர் சுற்றித்தான் ஊருக்கு வர வேண்டும். எங்கள் ஊர்க் கோழிக்கும் இது தெரியும். வரைபடத்தில் அந்தத் தரைப்பாலத்துக்கு மையம் ஒட்டியிருந்த குறிச்சொல்: ‘எல்லாக் காலமும் செல்லத்தக்கது.’

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் போன் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் வழி சொல்கிறது. போன கார்த்திகையில் பக்கத்துத் தோட்டத்து மயிலம்மாளைப் பாம்பு தீண்டியபோது வண்டி அக்கரையில் வந்து நின்றது. ஓட்டுநர் போனைத் தூக்கிக் காட்டி, “வழி இருக்குன்னு காட்டுதுங்க!” என்று கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் சென்னியப்பன் அண்ணன் டிராக்டரில் ஏற்றி அக்கரை சேர்த்தார். நாற்பது நிமிடம். மயிலம்மாள் பிழைத்துக்கொண்டது, இரண்டு கால்விரல் போக. வண்டிக்காரரிடம் போனில் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் மழைக்கு முதலில் போவது கரண்ட். அடுத்தது டவர். அன்றைக்கு வண்டியைக் கூப்பிடும்போதே லைன் போய்விட்டது.

இதில் நான் சொல்ல விரும்பாத ஒன்று இருக்கிறது. மயிலம்மாளைப் பாம்பு தீண்டுவதற்கு முன்பே ‘பள்ளத்துக்காரன்’ என்ற பெயரில் யாரோ அந்தக் குறிச்சொல்லைத் திருத்தியிருந்தார்கள்: ‘மழைக்காலத்தில் வெள்ளம். கிழக்கு வழியாகச் சுற்றிப் போகவும்.’ நாலு மணிக்குள் அதைத் திருப்பினேன். ஒரு நாளைக்கு எண்பது திருத்தம் வரும், ஊர்ப்பெயரைக்கூடப் பார்க்கவில்லை. அதே ஆள் மறுபடியும் திருத்தினார். இந்தத் தடவை பார்த்தேன். பார்த்தும் திருப்பினேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒன்பதாம் நாள் மயிலம்மாள் வரப்பில் கால் வைத்தது.

இந்த ஆவணியில் பள்ளத்துக்காரன் மூன்றாம் முறை திருத்தியபோது, நேராகத் தனபாலிடம் போனேன்.

“உங்க ஊரா? அப்ப ஆய்வுக்குப் போடு” என்றார். “ஆய்வு முடியற வரைக்கும் திருப்பி வெச்சுரு.”

மூன்றாம் முறையும் திருப்பினேன்.

ஆய்வுக்கு வந்தார்கள். ஆவணியில். அறிக்கையில் எழுதியது: ‘கோழிகள் காணப்பட்டன. நீர் காணப்படவில்லை.’ மழை நாளில் வாருங்கள் என்று கெஞ்சினேன். குணசீலன் விதியைக் காட்டினார். வெள்ளம் என்று பதிய வேண்டுமானால், நீர் ஓடும்போதே, ஒரே குழு, ஒரே நாளில், இரண்டு கரையிலிருந்தும் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

“தண்ணி ஓடறப்ப அக்கரைக்கு எப்படிங்க சார் போறது?”

“அதான் விதியோட கண்டிப்பு. இல்லாட்டி ஆளாளுக்கு வெள்ளம்னு சொல்லிருவாங்க.”

ஐப்பசி நாலாம் தேதி மலையில் பிடித்தது மழை. நான் காலையிலேயே இயக்குநர் அறை வாசலில் நின்றுகொண்டேன். என்ன தோன்றியதோ, அருணகிரி எழுந்தே விட்டார். மையத்தின் ஜீப், மையத்தின் வரைபடம் சொன்ன வழியில் போய், மையம் சான்றளித்த தரைப்பாலத்துக்கு முன்னால் நின்றது. சிவப்புத் தண்ணீர் இடுப்பளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாலம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட ஒரு கல் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் அண்ணன் பால்கேன்களை இக்கரையில் இறக்கிக்கொண்டிருந்தார். “வாங்க சார், ஏறுங்க. அக்கட்ட போகோணுமா? அட நம்ம அறிவுச்செல்வி! ஏன் சாமி, ஆபீசரையெல்லாம் கூட்டியாந்துட்டியா? நல்ல காரியம் பண்ணுன போ.”

அருணகிரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மட்கார்டுமேல் உட்கார்ந்தார். குணசீலனும் நானும் பின்னால் டிரெய்லரில் கம்பியைப் பிடித்து நின்றோம். நடுப்பள்ளத்தில் டிராக்டர் ஒரு குலுங்கு குலுங்கியது. இயக்குநரின் இடது செருப்பு கை நழுவி விழுந்து, சுற்றிச் சுற்றிக் கிழக்கே போனது. குணசீலன் அதையே பார்த்திருந்துவிட்டு எழுதினார்: ‘நீரோட்டம் மிதமானது.’

“நானும் மூணு வாட்டி போன்ல மாத்துனனுங்க சார்” என்று இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினார் சென்னியப்பன் அண்ணன். “பள்ளத்துக்காரன்னு பேரு போட்டு. சாயங்காலம் பாத்தா பழயபடி கெடக்குதுங்க. எந்த நாயோ அங்க உக்காந்துக்கிட்டு இதே பொழப்பா இருக்குது. என் கையில மட்டும் ஆம்புட்டுது, இந்தப் பள்ளத்துலயே போட்டு முக்கி எடுத்துருவேன்.”

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

“அந்த நாய்...” என்று தொடங்கிய அருணகிரி திருத்திக்கொண்டார். “அந்த ஊழியர் தம் கடமையைச் செவ்வனே ஆற்றியிருக்கிறார்.” பிறகு திரும்பி என்னைப் பெருமையாக வேறு பார்த்தார்.

டிராக்டர் கரையை நெருங்கும்போது அவருக்கு ஞானம் வந்தது. ஒற்றைச் செருப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “குணசீலன், பதிவு செய்யுங்கள். எந்தச் சாலை செல்லத்தக்கதா என்று ஆய்வு செய்ய வந்தோமோ, அந்தச் சாலையில் இக்கணம் நாம் சென்றுகொண்டிருக்கிறோம். இதைவிட ஆதாரம் என்ன வேண்டும்?”

“சார், இது டிராக்டர்!” என்றேன்.

“டிராக்டர் வாகனம் இல்லையா?”

“ஆம்புலன்ஸ் வராதுங்க சார்.”

“அது ஆம்புலன்ஸின் குறை. நாம் சாலையைக் குறிக்கிறோம் அம்மா. வாகனத்தின் தைரியத்தை அல்ல.”

சென்னியப்பன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். முதலில் அவரை, அப்புறம் என்னை. வண்டியை அங்கேயே நிறுத்தி அவரை அக்கரைக்கு நடக்க விட்டிருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதை அதிகம்.

கரையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையை இடுப்பில் ஊன்றி. சேற்றில் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். “ஆபீசரே வந்து பாத்துட்டாரல்ல? இனி மாத்திருவாங்கல்ல?” என்றாள்.

“ம்” என்றேன்.

அறிக்கை இருபத்திரண்டு பக்கம். முடிவு ஒரு வரி: ‘எல்லாக் காலமும் செல்லத்தக்கது. நேரடிப் பயணத்தின் மூலம் உறுதிசெய்யப்பட்டது.’ முன்பு வெறும் குறிச்சொல்லாக இருந்தது. இப்போது ஆதாரமும் சேர்ந்துவிட்டது. ஐப்பசி ஒன்பதாம் தேதி மதியம், அதை ஏற்பதற்காகக் கூடிய கூட்டத்தில்தான் நான் எழுந்து நின்று அந்தச் சொல்லைச் சொன்னது.

“எழுதிக் குடுங்க சார்.”

“எதை?” என்றார் அருணகிரி.

“எங்க ஊருத் தரைப்பாலத்துல ஐப்பசி மழையில ஆம்புலன்ஸ் போகும்னு. உங்க பேரு, கையெழுத்து, தேதி. அது போதும்.”

தனபால் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ ஃபேனைக் குறைத்தார்கள். அருணகிரி தண்ணீர் குடித்தார். சொன்னார்: “அறிக்கையில் இருக்கிறதே அம்மா.”

“அறிக்கையில மையம்னு இருக்குது. நான் உங்களக் கேக்கறேன்.”

“பொறுப்பு என்பது கூட்டாக ஏற்கப்படுவது. தனி ஒருவர் கையெழுத்திட்டால், பிறகு அது யாருடைய பொறுப்பு என்று தெரிந்துவிடும். ஒரு நிறுவனம் அப்படி நடக்க முடியாது.” பேசப் பேச அவருக்கே அது பிடித்துப்போனது, குரல் ஏறியது. “மேலும், வரைபடத்தில் இருந்தால் அதை உலகமே பார்க்கும். தாளில் இருந்தால் யாராவது ஒருவர் படித்துவிடுவார்.”

குணசீலன் அதையும் குறித்துக்கொண்டார்.

“அப்ப அந்த வழியா உங்க ஊட்டு ஆளுங்கள யாரையாச்சும் அனுப்புவீங்களா சார்?”

“என் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் இல்லை.”

“எங்க அக்கா இருக்கறா. இன்னும் பதினொரு நாளு.”

அருணகிரி தண்ணீர் டம்ளரை மேசைமேல் வைத்தார்.

பையைத் திறந்தேன். காலையில் ராசிபுரம் பஸ்ஸில் வரும்போதே எழுதி மடித்து வைத்திருந்த தாள். அவர் முன்னால் விரித்து வைத்தேன். “நீங்க எழுத வேண்டாங்க சார். நான் எழுதியாந்திருக்கேன். பேரு, கையெழுத்து, தேதி எல்லாம் இருக்குது. இன்னைக்கே விலகறேன்.”

அருணகிரி அந்தத் தாளைத் தொடவில்லை. எழுத்தில் இருந்ததால், எழுதுகோலின் மூடியால் அதை மெதுவாகத் தனபாலின் பக்கம் தள்ளினார்.

தனபால் என் பின்னாலேயே படிக்கட்டு வரை வந்தார். “ஏம் புள்ள இப்படி? உங்கப்பன் கிட்ட என்ன சொல்லுவ? சரி, அது கெடக்குது. உன் எடத்துக்கு ஆள் போடோணும்னா முதல்ல தேர்வுக் குழு அமைக்கோணும். தேர்வுக் குழுவுக்குத் தகுதிக் குழு. விளம்பரம், தமிழ்ல ஒண்ணு, இங்கிலீசுல ஒண்ணு, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு ஒரு குழு. பதினாலு மாசம் ஆகும்டி. அதுவரைக்கும் திருத்தத்தையெல்லாம் யாரு திருப்பறது?”

“யாருமில்லைங்க” என்றேன்.

அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடித்தார். பதினாலு மாதத்தில் ஐப்பசி எத்தனை, கார்த்திகை எத்தனை என்று கணக்குப் போட்டிருப்பார்போல. பிறகு உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நான் எதையும் கேக்கல. நீ எதையும் சொல்லல. போ, பஸ் போயிரும்” என்றார்.

சுவரில் இருந்த பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒரு தடவை படித்தேன். மணி நாலாக இன்னும் பத்து நிமிடம். படியிறங்கிக்கொண்டே போனை எடுத்தேன்.

“அண்ணா, நான் அறிவுச்செல்வி. அந்தத் தரைப்பாலத்த இப்பவே நாலாவது வாட்டி மாத்துங்க. கிழக்கு வழி சுத்திப் போகோணும்னு போடுங்க.”

“எதுக்கு சாமி? மறுக்கா அந்த நாயி வந்து பழயபடி பண்ணிப்போடுமே.”

“பண்ணாதுங்கண்ணா. அது வேலைய உட்டுப்போட்டு வந்துருச்சுங்க.”

அந்தப் பக்கம் டிராக்டர் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதையும் அணைத்தார்.

“அடப் பாவி புள்ள” என்றார். “சரி வா. ஆறு மணிக்கு இக்கட்ட நிக்கறேன், பள்ளத்துல தண்ணி இன்னும் வடியல. முக்கறதா இல்லையான்னு அப்ப பாத்துக்கலாம்.”

டயர் கடையைத் தாண்டி, மாவு மில் சுவரில் தனியாகத் தொங்கிய ‘தல் மைய’த்தையும் தாண்டி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.